முதலில் பேசுகிறவன் திருடன்

கிரிப்டோ கம்பெனியில் வேலை என்றால் ஜனங்கள் நம்மை இரண்டு விதமாகத்தான் பார்ப்பார்கள். விலை ஏறுகிற வாரத்தில் நாம் பெரிய ஆள். வருஷக்கணக்காக எட்டிப் பார்க்காத மாமா பையன்கூட போன் போட்டு நலம் விசாரிப்பான். இறங்குகிற வாரத்தில் நாம் மோசடிக் கும்பல். நான் வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது, "கிரிப்டோன்னா போன்ல இருந்து காசு காணாமப் போகுமே, அதுவாம்மா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். கம்ப்யூட்டர் வேலை என்று மழுப்பித்தான் சாவியை வாங்கினேன்.

உண்மையில் நாங்கள் பார்த்தது பதில் சொல்கிற வேலை. ஒரு நாற்காலிக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அறை இருந்தது. ஜன்னல்கள் திறக்காது. ஏசிக்குக் கீழே உட்கார்ந்தவர்கள் சால்வை போர்த்தியிருப்பார்கள், எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர்கள் காகிதத்தால் விசிறிக்கொள்வார்கள். கம்பெனி ஒரு வாலட் நடத்தியது. போனில் கிரிப்டோ நாணயங்களைப் பூட்டி வைத்துக்கொள்கிற பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சாவி, பன்னிரண்டு சாதாரண வார்த்தைகள். மரம், குடை, ஆறு என்று குழந்தைப் பாடத்தில் வருகிற மாதிரிதான் இருக்கும். அந்த வார்த்தைகள் யார் கையில் இருக்கின்றனவோ பெட்டி அவருடையது. பறிபோனால் எங்கள் முதலாளியே வந்தாலும் மீட்க முடியாது. வாலட் வைத்திருந்தவர்களுக்காக ஒரு அரட்டைக் குழு இருந்தது. காலையிலிருந்து அதில் விழுகிற கேள்விகளுக்குப் பதில் தட்டுவதுதான் எங்கள் பிழைப்பு. முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான். எப்ப ஏறும்? தெரிந்திருந்தால் நாங்கள் ஏன் ஐயா இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம்?

என் பக்கத்து நாற்காலிக்காரரை அறை முழுக்க டீச்சர் என்றுதான் கூப்பிடும். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்ததில்லை. இங்கே வருவதற்கு முன் டெலிபோன் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருந்தவர். எழுத்துப் பிழையைப் பொறுக்க மாட்டார், யார் அனுப்பிய பதிலாக இருந்தாலும் எழுந்து வந்து திருத்துவார். இரண்டே விரலால் தட்டுவார், ஆனால் மேசை அதிரும். நாணயம் ஒன்றுகூட அவர் வாங்கியதில்லை. "கேக் கடையில நிக்கறவளுக்குக் கேக்கைப் பாத்தாலே குமட்டும். எனக்கும் அப்படித்தான்" என்பார்.

எங்கள் தலைக்கு மேலே ஒரு மேலாளர் இருந்தார். ராக்கெட் என்று பெயர் வைத்திருந்தோம். விலை அதலபாதாளத்தில் கிடக்கிற நாளிலும் கூட்டம் போட்டு, "இனிமே மேலதான்" என்பார். எங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கம்பெனியின் சொந்த நாணயத்தில் கொடுத்த புண்ணியவானும் அவர்தான்.

குழுவில் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெயர், கேடயம். யார் உட்கார்ந்து தட்டினாலும் வெளியே கேடயம் பேசுவதாகத்தான் தெரியும். படமும் ஒரு கேடயம்தான். அந்தக் கணக்கிலிருந்து யாருக்கும் தனியாகச் செய்தி அனுப்ப முடியாதபடி கம்பெனி பூட்டி வைத்திருந்தது. காரணம் இருந்தது. எங்கள் மாதிரியே பெயரும் படமும் போட்டுக்கொண்டு திருடர்கள் ஜனங்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்பி, நயமாகப் பேசி, அந்தப் பன்னிரண்டு வார்த்தைகளைக் கறந்துவிடுவார்கள். குழுவின் உச்சியில் கம்பெனி ஒட்டி வைத்திருந்த எச்சரிக்கையோ, "அங்கீகரிக்கப்படாத தொடர்புகளைத் தவிர்க்கவும்" என்று ஆரம்பித்து அரைப் பக்கத்துக்கு ஓடும். அதை யார் படிப்பார்கள்?

"இதை எழுதினவனுக்கே புரியாது" என்று சொல்லி டீச்சர் ஒரு நாள் உட்கார்ந்து புதிதாக எழுதினார். "முதலில் பேசுகிறவன் திருடன். எங்கள் ஆட்கள் உங்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்பவே மாட்டார்கள். அனுப்பினால் அவன் திருடன். உடனே விரட்டுங்கள்." அவ்வளவுதான். அது உச்சியில் ஏறிய பிறகு பறிகொடுத்துவிட்டு அழுதுகொண்டு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். கூட்டத்தில் ராக்கெட் எழுந்து கைதட்டினார். டீச்சர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாலும் உள்ளுக்குள் குளிர்ந்துபோனார் என்பது பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும்.

இனி அவருடைய தம்பியைச் சொல்ல வேண்டும். ஒளித்து வைத்துக் கதை சொல்ல எனக்கு வராது, இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தத் தம்பியும் எங்கள் குழுவில் இருந்தான். அது டீச்சருக்குத் தெரியாது. கேடயம் என்ற பெயரில் பேசுவது தன் அக்கா என்பது அவனுக்கும் தெரியாது.

அவன் ஒரு பேக்கரியில் அடுப்பு மாஸ்டர். ஈ எறும்புக்கும் கெடுதல் நினைக்காத ஆள். தட்டை இழுத்து இழுத்து இரண்டு முன்கையிலும் சூட்டுக் கோடுகள். சின்ன வயதிலேயே அங்கே பாத்திரம் கழுவச் சேர்ந்து, மாவு பிசைந்து, அடுப்படிக்கு வந்தவன். பேக்கரிக்காரருக்கு வயதாகிவிட்டது, மகள் வீட்டோடு போய்விடலாம் என்று இருந்தார். "கடையை நீ எடுத்துக்கறியா, இல்ல வேற ஆளைப் பாக்கட்டுமா? மாசக் கடைசிக்குள்ள சொல்லு" என்று முதல் கேள்வியை அவனிடம்தான் கேட்டார். அவன் எடுத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததையெல்லாம் ஏற்கெனவே எங்கள் வாலட்டில் நாணயமாக வைத்திருந்தான். ஏன் எங்கள் வாலட்? அக்கா வேலை செய்கிற கம்பெனி தப்பாகவா இருக்கும் என்ற நம்பிக்கைதான். அக்காவோ அதை ஒரு நாளும் சிபாரிசு செய்ததில்லை.

ஒரு தடவை அவன் கேட்டுப் பார்த்திருக்கிறான். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அக்கா, உங்க வாலட்ல..." என்று ஆரம்பித்திருக்கிறான். டீச்சர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்கிட்ட அந்தப் பேச்சே எடுக்காதே. நாள் பூரா இதைத்தான் கேட்டுட்டு வரேன். நாளைக்கு நீ போட்டுத் தொலைச்சா பழி என் தலையிலதான் விழும்."

அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. முந்தின வருஷம் விலை சரிந்தபோது நாத்தனார் வீட்டுக்காரர் நடுக்கூடத்தில் நின்று, "உங்க ஆளுங்க எங்களைக் கவுத்துட்டீங்க" என்று கத்தியிருந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஆபீஸ் பேச்சு கிடையாது. தம்பியும் வாயை மூடிக்கொண்டான். குழுவில் வேறு பெயரில் சேர்ந்துகொண்டான். சிங்கம், வேங்கை, சுனாமி என்று பெயர் வைத்துக்கொண்டு அலைகிற கூட்டத்தில் அந்தப் பரம சாது வைத்துக்கொண்ட பெயர் புயல்.

அந்த மதியம் எங்கள் வாலட் மக்கர் பண்ணியது. செயலியைப் புதுப்பித்த பிறகு யார் எதை அனுப்பினாலும் பாதியில் நின்றது. குழுவில் மழை மாதிரி கேள்விகள். இன்ஜினியர்கள் உறுதி செய்கிறவரை தயார்ப் பதிலைத் தவிர ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று ராக்கெட் கட்டளை போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத்தான் புயல் வந்தது. நாணயத்தை விற்றால்தான் பேக்கரிக்காரரிடம் போய் நிற்க முடியும். மாசக் கடைசியோ நெருங்கிவிட்டது.

"அட்மின், ரொம்ப அவசரம். அனுப்பினது நடுவுல நிக்குது. என்ன செய்யணும்?" கூடவே தன் வாலட் முகவரியையும் ஒட்டியிருந்தான்.

டீச்சர் பொத்தானைத் தட்டினார். கேடயம் பேசியது. "வணக்கம். உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். புகார் எண் பெற கீழே உள்ள இணைப்பை அழுத்தவும்."

"அழுத்திட்டேன். வரிசைல காத்திருங்கன்னு வருது. ஒரு வார்த்தை சொல்லுங்க, என் காசு பத்திரமா இருக்கா?"

"வணக்கம். உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்."

இந்த ஊர் உலகத்தில் எல்லோரும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். அப்படித் தட்டினால் தம்பியும் தெரியாது, தாத்தாவும் தெரியாது. எல்லாம் ஒரே சாயல்தான்.

மூன்றாவது தடவை அவன் கேட்பதற்குள் வேறொருத்தன் நடுவில் புகுந்தான். "ப்ரோ, எனக்கும் இதே பிரச்சினைதான். இவர்தான் சரி பண்ணிக் குடுத்தார். அவரா வர மாட்டார், நீங்களே பேசிப் பாருங்க." கீழே ஒரு கணக்கின் பெயர்.

டீச்சர் அதைப் பார்த்த மாத்திரத்தில் அழித்து, போட்டவனையும் தூக்கி எறிந்தார். ஆனால் அதற்குள் புயல், "ரொம்ப நன்றி ப்ரோ, பேசறேன்" என்று எழுதிவிட்டிருந்தது.

டீச்சர் கேடயத்தின் பெயரில் அவசரமாகத் தட்டினார். "புயல், அவர் திருடர். பேசாதீர்கள்." பதில் இல்லை. இன்னொரு தடவை போட்டார். அடுத்த நிமிஷமே மற்றவர்களின் கூச்சலில் அது எங்கோ மேலே போய்விட்டது. தனியறையில் திருடனோடு உட்கார்ந்துவிட்ட ஆளுக்குக் கூடத்தில் கத்துவது கேட்குமா?

அப்போதுதான் அவர் சோதனைக்காக நாங்கள் வைத்திருந்த கணக்கைத் திறந்தார். படம் கிடையாது. பெயர் "டெஸ்ட் இரண்டு". ஊழியர் யாராவது தனியாகச் செய்தி அனுப்பினால் சீட்டுக் கிழியும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"டீச்சர், வேணாம். வேலை போயிடும்" என்றேன்.

"போனாப் போகட்டும். பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்கறது?" என்றபடி தட்ட ஆரம்பித்தார். நான் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சார், நான் கம்பெனி ஆள்தான். இப்ப நீங்க பேசிட்டு இருக்கறவன் திருடன். அந்தப் பன்னிரண்டு வார்த்தையைக் குடுத்துடாதீங்க."

"நீங்க யாரு?"

"குரூப்ல கேடயம்னு பதில் சொன்னது நான்தான்."

"அப்ப கேடயத்துல இருந்து பேசுங்க."

"அதுல தனியாச் செய்தி அனுப்ப முடியாது சார். பூட்டி வச்சிருக்காங்க."

"எல்லாத் திருடனும் இதைத்தான் சொல்லுவான். மேல என்ன எழுதி வச்சிருக்காங்க, படிச்சியா? முதல்ல பேசுறவன் திருடன். நீதான் முதல்ல வந்து பேசுனே. அவர்கிட்ட நான்தான் முதல்ல பேசினேன். ஓடிப் போயிடு."

டீச்சர் வேகமாக இன்னொரு வரி தட்டினார். அது போகவில்லை. புயல் அவரைத் தடை செய்து, திருடன் என்று புகாரும் கொடுத்திருந்தான். அவர் எழுதிய பாடத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் அவரிடமே ஒப்பித்துவிட்டுப் போயிருந்தான். அந்தத் திருடர்கள் எங்களைவிடக் கவனமாக எங்கள் எச்சரிக்கையைப் படித்திருந்தார்கள். தாங்களாக வருவதை நிறுத்திவிட்டு, ஆளைத் தங்களிடம் வரவழைக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு செய்ய ஒன்றுமில்லை, பார்ப்பதைத் தவிர. இந்தத் தொழிலில் அது ஒரு சாபக்கேடு. எந்த முகவரியில் என்ன இருக்கிறது என்பதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், தொட மட்டும் முடியாது. புயல் ஒட்டியிருந்த முகவரியை டீச்சர் திரையில் திறந்து வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் எங்கள் கோளாறு சரியாகிவிட்டது. குழுவில் எல்லோரும் கைதட்டினார்கள். அதே நேரத்தில் அந்த முகவரி துடைத்து வைத்த மாதிரி காலியானது. எல்லாம் வேறொரு முகவரிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

"போச்சு" என்றார் டீச்சர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "யாரு பெத்த பிள்ளையோ. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா எல்லாம் கைக்கு வந்திருக்குமே."

ராக்கெட் கூப்பிட்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். டெஸ்ட் இரண்டின் மேல் வந்த புகார் கம்பெனிக்கு அவமானமாம். டீச்சர் அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். அடுத்த சில நாள் வேலைக்கு நடுவே அந்த இரண்டாவது முகவரியைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார். முன்பின் தெரியாத ஒருத்தனுக்காக ஒரு மனுஷி அப்படி மருகியதை அந்த அறையில் நான் பார்த்ததே இல்லை.

ஒரு காலையில் வாட்ச்மேன் வந்து டீச்சரைப் பார்க்க வீட்டிலிருந்து ஆள் வந்திருப்பதாகச் சொன்னார். படிக்கட்டு வளைவில், நாற்காலிக் கடைக்காரர் அடுக்கி வைத்திருந்த சாமான்களுக்கு நடுவே தம்பி நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு பன் பெட்டி. ஒத்தாசைக்கு ஆள் வேண்டியிருக்கும் என்று டீச்சர் என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"அக்கா, கோச்சுக்காதே. நீ சொல்லியும் கேக்காம நான் உங்க வாலட்ல போட்டுட்டேன்."

"எவ்வளவுடா?"

"எல்லாத்தையும்." அவன் போனை நீட்டினான். "ஆனா எங்கேயும் போகல அக்கா. இதோ பாரு, இந்த முகவரில அப்படியே இருக்கு. உங்க ஆபீஸ்ல சொல்லி எடுத்துக் குடு. கடைக்காரர் நாளைக்கு வரச் சொல்லியிருக்கார்."

டீச்சர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகவரி அவருக்கு மனப்பாடம், எனக்கும் பாதி மனப்பாடம். புயலின் காசு போய் உட்கார்ந்த முகவரி அது.

"எடுக்க முடியாதுடா" என்றார்.

"கண்ணுக்கு முன்னாடி இருக்கே அக்கா."

"இருக்கு. எடுக்க முடியாது. யாராலயும் முடியாது."

அவன் கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் படியில் உட்கார்ந்துவிட்டான். டீச்சரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டா நீ திட்டுவே. குரூப்ல கேட்டேன். கேடயம்னு ஒருத்தன் இருக்கான், கிளிப்பிள்ளை மாதிரி சொன்னதையே சொல்லிட்டிருந்தான். குரூப்ல ஒருத்தர் பேரு குடுத்தாரே, அவன்தான் பொறுமையாப் பேசினான். பதறாதீங்கண்ணேன்னு சொன்னான். சாப்டீங்களான்னு கேட்டான் அக்கா. அந்த வார்த்தைங்களை நான் யார்கிட்டயும் சொல்லல. அவன் குடுத்த பக்கத்துல டைப் பண்ணினேன், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அவன் சட்டென்று நிமிர்ந்தான்.

"ஆனா நான் ஒண்ணும் தெரியாத ஆள்னு நினைக்காதே. நடுவுல இன்னொருத்தன் வந்தான். கம்பெனி ஆள்னு சொன்னான், நான்தான் கேடயம்னு சொன்னான். விட்டேனா? நல்லாக் குடுத்து விரட்டிட்டேன். இந்தா, நீயே படிச்சுப் பாரு. முதல்ல பேசுறவன் திருடன்னு மேல எழுதி வச்சிருக்காங்க பாரு, யாரு எழுதினாங்களோ, நல்லா எழுதியிருக்காங்க. அதைப் படிச்சதாலதான் அவன்கிட்ட இருந்து தப்பிச்சேன்."

டீச்சர் போனை வாங்கினார். தான் தட்டிய வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். அதைத் தட்டியது தான்தான் என்று சொல்லிவிடுவார் என்று நான் நினைத்தேன். படித்து முடித்து, போனை அவன் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"சரியாத்தான் பண்ணியிருக்கே" என்றார்.

பேக்கரியை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். தம்பி அதே அடுப்படியில் புது முதலாளிக்குக் கீழே வேலை பார்க்கிறான். பெயர்ப் பலகை மாற்றினார்களாம், அவன்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். டீச்சர் வீட்டில் இப்போதெல்லாம் யார் எதைக் கேட்டாலும், கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறாராம். "அன்னைக்குச் சாப்பிடும்போது நிமிந்து பாத்திருந்தாப் போதும். அரை மணி நேரம் செலவழிச்சிருந்தா அவனுக்குக் கடை இருந்திருக்கும்" என்று ஒரு நாள் என்னிடம் சொல்லிவிட்டு, மூக்கை உறிஞ்சியபடி திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "நீ விரட்டினது என்னைத்தான்னு அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே டீச்சர். நீங்க காப்பாத்தப் பாத்தீங்கன்னாவது அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவர் தட்டுவதை நிறுத்தினார்.

"கடை போச்சு, காசு போச்சு. ஒரு திருடனையாவது விரட்டினோம்கறதுதான் இப்ப அவன்கிட்ட மிச்சம். அதையும் நான் போய்ப் பிடுங்கிட்டு வரணுமா?"